கரை இல்லாத சான்ட்விச்

காஞ்சிபுரம் பூம்பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும் எந்தப் பொருளும் சேலைதான். சந்தேகம் இருப்பவர்கள் சங்கத்தின் துணைவிதி பதினாலைப் படித்துப் பார்க்கலாம். 'உள்ளே வரும் சரக்கு எதுவாயினும் நீளம், அகலம், எடை, கரை, முந்தி, சாயம் ஆகியவை ஆய்வு செய்யப்பட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளப்படும்' என்கிறது அது. சங்கத்துக்குள் சேலையைத் தவிர வேறு ஏதாவது வரும் என்று விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டதால் போய்க் கேட்கவும் வழியில்லை.

ஆகவே 1978இல் வாங்கிய மின்விசிறி, 'முந்தி மூன்று, கரை கிடையாது, சாயம் போகவில்லை' என்று பதிவேட்டில் ஏறியிருக்கிறது. சுவர்க்கடிகாரம், 'வட்டக் கரை, உடல் வெள்ளை, இழை இரண்டு, அவற்றில் ஒன்று குட்டை'. யாரோ ஒரு மந்திரி பரிசாகக் கொடுத்த குத்துவிளக்கு எடை கூடுதல் என்று இரண்டாம் தரத்துக்குப் போய்விட்டது. தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் இதுவரை ஆட்சேபித்ததில்லை. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

2004ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு நெசவாளி வீரபாகு துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு சங்கத்துக்கு வந்தார். அதற்குள் இருந்ததும் சேலைதான். ஆனால் நிஜச் சேலை. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, முந்தியில் மாங்காய். காலையில்தான் தறியிலிருந்து அறுத்தது. கரைக்கான பச்சைப் பட்டு நூலை வழங்கும் காகிதத்தில் சங்கம் கையெழுத்துப் போட ஆறு வாரம் ஆகிவிட்டதால் ராப்பகலாக நெய்து முடித்திருந்தார். சாப்பிடக்கூட நேரமில்லை.

வாசல் பெஞ்சில் ஷஹர்பானு காத்திருந்தாள். அவள் மகள் நிக்கத்துக்கு மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்ததும் நிக்காஹ். அதற்கான சேலை இது. மூன்று மாதத்துக்கு முன்பே சங்கத்தில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது.

"இன்னா வீரபாகு அண்ணே, இப்பத்தான் வர்றியா? பன்னெண்டு மணிலருந்து உக்காந்துக்கினு இருக்கேன், பெஞ்சியே சூடாயிடுச்சு. டெய்லரு தப்ரேஸ் மிஷின்ல நூல் கோத்து வெச்சுக்கினு இருக்கான். ஆறு மணிக்குள்ள ஜாக்கெட் துணி வரலைன்னா ஷட்டரை இழுத்துட்டு மாமியார் ஊருக்கு பஸ் ஏறிடுவேன்றான். நாளைக்கு என் பொண்ணு இன்னா பெட்ஷீட்டைக் கட்டிக்கினா வருவா?"

"முத்திரை குத்த அஞ்சு நிமிசம்மா. இரு, வந்துட்டேன்."

பெஞ்சுக்கும் பொட்டலத்துக்கும் நடுவே இரண்டடி தூரம்தான். ஆனால் நெசவாளி சேலையை வாடிக்கையாளர் கையில் நேராகக் கொடுத்தால் உறுப்பினர் அட்டை போய்விடும். சேலை உள்ளே போய், ஆய்வாகி, முத்திரை வாங்கி, பிறகுதான் அந்த இரண்டடியைக் கடக்க வேண்டும்.

வீரபாகு உள்ளே போனார். ஆய்வு மேஜையின் மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் நாலு பக்கமும் 'சூறாவளி' மகிழ்வண்ணன் முஷ்டியை உயர்த்திக்கொண்டு எதையோ கடித்துக்கொண்டிருந்தார். வெள்ளித்திரையில் ஒரே நேரத்தில் பதினெட்டு பேரை அடிப்பவர். பக்கத்தில் பெரிய எழுத்தில், 'சூறாவளி சான்ட்விச் – கடிச்சா இடி!'

பெட்டிக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் வியர்த்துக்கொண்டு நின்றார். சான்ட்விச் கம்பெனியின் பிரதிநிதி, சென்னையிலிருந்து வந்த யேசுதாஸ். பெட்டிக்குப் பின்னால், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, தர ஆய்வாளர் கலியாணசுந்தரம். இருபத்திரண்டு வருட அனுபவம். சொந்தக் கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்தவர், அப்படியே பெண்ணின் கூறைச்சேலையில் ஓர் இழை விட்டுப்போயிருப்பதைக் கண்டு முகூர்த்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தியவர் என்று ஊரில் பேச்சு.

"சார், ஒரே ஒரு சேலை..." என்று ஆரம்பித்தார் வீரபாகு.

"வரிசைப்பா, வரிசை. இந்த சரக்கு பதினொண்ணு நாப்பதுக்கு வந்துது. உன்னுது ரெண்டு மணிக்கு. மொத்தம் எரநூறு உருப்படி. இது முடிஞ்சாத்தான் அது."

"எரநூறும் பாக்கணுமா சார்?"

"எரநூத்துக்குப் பத்து மாதிரி பாக்கணும். ஒண்ணுக்கு அர மணி நேரம்."

வீரபாகு விரல்விட்டுப் பார்த்தார். ஐந்தே முக்காலுக்குச் சங்கம் பூட்டிவிடும். மிச்ச மாதிரிகளை நாளைக்குத்தான் எடுப்பார்கள். அதற்குள் தப்ரேஸ் பஸ் ஏறியிருப்பான்.

சான்ட்விச்சுகள் ஏன் வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல் நடக்காத சங்கத்துக்கு அரசாங்கம் அனுப்பி வைக்கும் தனி அலுவலர் ஒருவர் இங்கே இருந்தார். பெயர் பூவராகவன். இதற்கு முன் ஒரு கோழிப்பண்ணைச் சங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னமும் சேலைகளை டஜனில் கேட்பார். அவர் சான்ட்விச் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். மகிழ்வண்ணன் ஒரு விளம்பரத்தில் சங்கத்துப் பட்டு வேட்டியில் நாலு அடி நடப்பார். பதிலுக்கு, சனிக்கிழமை நடக்கும் ஆண்டுப் பேரவையில் உறுப்பினர்களுக்கு வழக்கமான சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் சூறாவளி சான்ட்விச்.

கலியாணசுந்தரம் முதல் மாதிரியை எடுத்தார்.

"சார், சார், ஒன் செகண்ட்!" என்று யேசுதாஸ் பாய்ந்தார். "ஸ்டாரோட ஃபேஸ் கிழியாம ஓப்பன் பண்ணணும். இந்த ஆரோ வழியா. ஓப்பன் பண்றப்போ எல்லாரும் 'கடிச்சா இடி'ன்னு சொல்லணும் சார். பிராண்ட் கைட்லைன்ஸ்."

"சேலையப் பிரிக்கறப்பவே நான் பேச மாட்டேன்" என்றார் கலியாணசுந்தரம். யேசுதாஸ் தனியாகச் சொல்லிக்கொண்டார்: "கடிச்சா இடி."

சான்ட்விச் மேஜை மேல் விரிக்கப்பட்டது. இரண்டு முக்கோணங்கள். நடுவில் வெள்ளரிக்காய், ஒரு மஞ்சள் தகடு, பச்சையாக ஒரு பூச்சு, வெள்ளையாக இன்னொரு பூச்சு. கலியாணசுந்தரம் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் வைத்தபடியே இருந்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

"கரை எங்கப்பா?"

"எது சார்?"

"கரை! நாலு பக்கமும் வெறும் உடலாவே இருக்குதே. கரை எங்க?"

யேசுதாசுக்கு ஒருவழியாகப் புரிந்தது. "ஓ, ஓரமா? அதை கட் பண்ணிடுவோம் சார். ஓரம் இருந்தா ஆர்டினரி. ஓரம் இல்லைன்னா பிரீமியம்."

அறையில் ஒரு நிமிடம் மின்விசிறியின் மூன்று முந்திகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. காஞ்சிபுரத்தில் இதற்கு முன் யாரும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"கரைய வெட்டிட்டு வெல கூட வெக்கிறீங்களா?" என்றார் கலியாணசுந்தரம். "இந்த ஊருல கரைக்கித்தான்யா காசு! வீரபாகு, கேட்டியா இந்த அநியாயத்த?"

"கேட்டேன் சார். சேலை..."

"அது இருக்கட்டும். இதப் பாரு, நட்டநடுவுல குறுக்க வெட்டியிருக்காங்க. இது உருப்படியே இல்ல, கட் பீஸு."

"சார், அது டிசைன்!"

"வெட்டுனவன் எல்லாம் டிசைன்னுதான் சொல்லுவான்."

தராசில் வைத்தார். உறையில் நூற்றைம்பது கிராம் என்றிருந்தது. தராசு நூற்றுப் பதினெட்டு என்றது. "முப்பத்திரண்டு கிராம் இழை எங்க போச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஈரத்துணியால் பச்சைப் பூச்சைத் தேய்த்தார். துணி பச்சையானது. 'சாயம் போகிறது' என்று எழுதினார். நீளம் ஐந்து அங்குலம் என்று எழுதும்போது மட்டும் அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பேனாவை உதறிவிட்டுத் திரும்பவும் அளந்தார். ஐந்துதான்.

செய்தி கேட்டுத் தனி அலுவலர் பூவராகவன் அறையிலிருந்து இறங்கி வந்தார். நின்ற இடத்திலேயே அவருக்குச் சொற்பொழிவு வந்துவிடும்.

"கலியாணசுந்தரம்! என்ன இது? உலகமே அண்ணாந்து பார்க்கும் ஒரு கலைஞரின் சான்ட்விச்சில் ஐந்து குறைகளா? நான் விதியை மீறச் சொல்கிறேனா? ஒருக்காலும் இல்லை. கோழிப்பண்ணையில் என் காலத்தில் முட்டைகள் உடைந்திருக்கின்றன, விதி உடைந்ததில்லை. நான் சொல்வதெல்லாம், விதியை மீறாமல் விதியிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதைத்தான். நிர்வாகம் என்பதே அதுதானய்யா!"

கலியாணசுந்தரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பதினாலு, உட்பிரிவு ஆறு. ஆய்வாளர் கண்ட குறையில கருத்து வேறுபாடு வந்தா, உறுப்பினர் நெசவாளர் ஒருத்தர் தொட்டுப் பாத்துச் சொல்லணும்."

எல்லோரும் வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நெசவாளி யாரும் அங்கே இல்லை.

"தின்பண்டத்துக்கு நாக்குதானய்யா கை" என்றார் பூவராகவன். "உண்டு பார்த்துச் சொல்லும்."

வீரபாகுவுக்குக் காலையிலிருந்து வயிறு காலி. இதுவரை சங்கம் அவரிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதும் கிடையாது. கூச்சத்தோடு ஒரு முக்கோணத்தை எடுத்துக் கடித்தார். இடி எதுவும் விழவில்லை. குளுகுளு என்று ஏதோ ஒன்று தொண்டைக்குள் போனது. என்ன ருசி என்று தேடிப் பார்ப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

"எப்படிப்பா இருக்குது?" என்றார் கலியாணசுந்தரம், பேனாவும் கையுமாக.

யாரையும் நோகடிக்காமல் சொல்ல வேண்டும் என்று வீரபாகு யோசித்தார். "நல்லா மெத்துனு இருக்குது சார். பஞ்சு மாதிரி."

"பஞ்சா?" கலியாணசுந்தரம் எழுந்தே விட்டார். "பஞ்சு கலந்திருக்காங்களா?"

பட்டுச் சங்கத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பட்டில் பருத்தி கலந்த ஒரு நெசவாளியைப் பற்றி இன்றும் அங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். 'பஞ்சுக் கலப்பு, உறுப்பினரே ஒப்புக்கொண்டது' என்று சிவப்பு மையில் ஏறியது.

"சார், நான் அப்டி சொல்லலை சார்..."

"நான் மாட்டினேன்! எங்க ரீஜனல் மேனேஜர் என்னைத் தூக்கிடுவாரு!" என்று யேசுதாஸ் தலையில் கை வைத்தார். "அண்ணா, ப்ளீஸ்ணா, ரெண்டாவதுக்காவது நல்ல வார்த்தை சொல்லுங்கண்ணா."

இரண்டாவது மாதிரியைத் தின்றுவிட்டு வீரபாகு ஜாக்கிரதையாகச் சொன்னார்: "இது பட்டு மாதிரி இருக்குது சார்."

"அப்ப எரிச்சுப் பாத்துற வேண்டியதுதான்" என்றார் கலியாணசுந்தரம். "சுத்தப் பட்டுன்னா எரிச்சா மயிரு கருகுன வாசனை வரணும்."

ரொட்டியில் ஒரு துணுக்கைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டினார். அறை முழுக்க ரொட்டி வாட்டும் வாசனை எழுந்தது. கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"மயிரு வாசனையே இல்லையேப்பா" என்றார் கலியாணசுந்தரம் வருத்தத்தோடு. "போலி."

"சார், எங்க சான்ட்விச்ல முடி இல்லைங்கறது நல்ல விஷயம் சார்!" என்று யேசுதாஸ் கிட்டத்தட்ட அழுதார்.

வாசலில் இருந்து ஷஹர்பானுவின் தலை நீண்டது. "அண்ணே, மணி மூணே முக்காலு! உள்ளாற இன்னா, சமையல் நடக்குதா? எங்க வூட்டுக்காரரு மண்டபத்துல பிரியாணிக்கு அரிசி அளந்துக்கினு இருக்காரு. நான் இங்க ரொட்டி வாசனை புடிச்சுக்கினு இருக்கேன்."

யேசுதாசுக்கு வாடிக்கையாளர் குரல் கேட்டால் தானாகவே சிரிப்பு வந்துவிடும். "மேடம், ட்ரை பண்றீங்களா? ப்யூர் வெஜ்."

"கறி இல்லியா?"

"சுத்தமா இல்ல மேடம்."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்த ஆளு இவ்ளோ கோவமா கடிக்கிறாரு?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டுவிட்டு அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள்.

மூன்றாவது மாதிரியைத் தாமே உண்டு காட்டுவதாகத் தனி அலுவலர் அறிவித்தார். "வழிகாட்டுபவனே முதலில் கடிக்க வேண்டும்!" யேசுதாஸ் கேமராவை எடுத்தார். பூவராகவன் மகிழ்வண்ணனைப் போலவே முஷ்டியை உயர்த்தி, புருவத்தை ஏற்றி, கேமராவைப் பார்த்துக் கடித்தார். பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் பூச்சும் பச்சைப் பூச்சும் ஒன்றாக வழுக்கி வெளியேறி அவர் சட்டைப்பையில் போய் இறங்கின.

கலியாணசுந்தரம் பூதக்கண்ணாடியோடு சட்டைக்கு அருகே வந்தார். 'சாயம், தனி அலுவலரின் மீதும் ஏறுகிறது' என்று எழுதிக்கொண்டார்.

மணி நாலேகால். தேநீர் இடைவேளை. மூன்று மாதிரியும் தோல்வி. பூவராகவன் சட்டையைக் கழுவப் போனார். யேசுதாஸ் செல்போனில் யாரிடமோ "எஸ் சார், எஸ் சார், கரை சார், கரை" என்று விளக்கிக்கொண்டே வெளியே போனார். கலியாணசுந்தரம் எதிர்க்கடைக்குப் போனார். மேஜையில் பெட்டியும் நிரப்பாத படிவங்களும், பக்கத்தில் தன் பொட்டலத்தோடு வீரபாகுவும் மிஞ்சினார்கள்.

ஷஹர்பானு உள்ளே வந்தாள். அவள் குரல் இந்தத் தடவை இறங்கியிருந்தது. "சொல்லு அண்ணே. கெடைக்குமா, கெடைக்காதா? காலைலருந்து நிக்கத் நாலு வாட்டி போன் பண்ணிட்டா. மூணு மாசமா 'அரக்குக்குப் பச்சைம்மா, அரக்குக்குப் பச்சை'ன்னு பாடிக்கினு இருந்த பொண்ணு. கடையில ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்லலாம்னு போனை எடுத்தேன். வாய் வரல."

வீரபாகு படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அதை ஒருநாளும் படித்ததில்லை. நீளம், அகலம், எடை, கரை, முந்தி, சாயம், ஜரிகை. மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். கீழிருந்து மேலாக இன்னொருமுறை.

"ஏம்மா, இதுல பொருளோட பேரு எழுதற எடமே இல்லியே."

"இல்லாட்டி இன்னா?"

"சேலையும் ஒண்ணுதான், சான்ட்விச்சும் ஒண்ணுதான் இவங்களுக்கு. வரிசைதான் வேற."

ஷஹர்பானு பெட்டியைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். "அல்லா! அண்ணே, அப்ப இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற? நான் வாசலைப் பாத்துக்கறேன்."

"சங்கத்துக்கு நான் பொய்யே சொன்னதில்லம்மா."

"யாரு உன்ன சொல்லச் சொன்னது? வாயைத் தொறக்காத. பெட்டியைத் தொற."

வீரபாகு பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு சான்ட்விச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மடித்த சேலையை வைத்தார். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவர் நாணயமானவர். எடுத்த சான்ட்விச்சைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு எல்லோரும் திரும்பினார்கள். கலியாணசுந்தரம் பெட்டிக்குள் கையை விட்டார். கை நின்றது. மெதுவாக வெளியே வந்தபோது அதில் அரக்கும் பச்சையுமாக நாலாவது மாதிரி இருந்தது.



யேசுதாஸ் சேலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இன்னும் ஏழு மாதிரிகள் தோற்றால் தன் வேலை என்னவாகும் என்பது அவர் முகத்தில் ஒருமுறை வந்து போனது. வாயை மூடினார். பிறகு "கடிச்சா இடி" என்றார்.

கலியாணசுந்தரம் வீரபாகுவைப் பார்த்தார். வீரபாகு விட்டத்தைப் பார்த்தார். கலியாணசுந்தரம் படிவத்தைப் பார்த்தார். படிவம் அவரிடம் கேட்டது கரையைப் பற்றி. அன்று முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிப் பழக்கமில்லாத மனிதர் அவர். சேலையை விரித்தார்.

"நீளம் ஆறு மீட்டர் இருபது!" என்றார். "எடை எழுநூத்தி நாப்பது. கரை ரெண்டு பக்கமும் பதினோரு விரக்கட. ஒடலும் கரையும் சேர்ற எடத்துல பாரு, ஒரு இழை பெசகல." ஈரத்துணியால் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஒரு நூலை இழுத்து எரித்தார். மயிர் கருகும் நாற்றம் அறையை நிறைத்தது. அவர் ஆழமாக மூச்சை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஜரிகை சுத்தம். இதாம்பா... இதான்யா சான்ட்விச்சு!"

ஈரச் சட்டையோடு பூவராகவன் முன்னால் வந்தார். சேலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு விளம்பரத்தில் நடக்கும் வேட்டியும், பக்கத்தில் தாம் நிற்கும் புகைப்படமும் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் என்ன சொன்னேன்? முதல் மூன்றைப் பார்த்து மனம் தளரக் கூடாது என்றேனா இல்லையா? எனக்குக் கண் முன்னால் இருப்பது என்ன என்பது முக்கியமல்ல. காகிதத்தில் இருப்பது என்ன என்பதே முக்கியம். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது அதற்காகத்தான். ஒரு மாதிரி முதல் தரம் என்றால்?"

"மொத்தமும் முதல் தரம். உட்பிரிவு ஒம்போது" என்றார் கலியாணசுந்தரம்.

சேலையின் ஓரத்தில் சங்கத்தின் வட்ட முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பெஞ்சிலிருந்து ஷஹர்பானு எழுந்து நின்றாள்.

ஆனால் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. யேசுதாஸ் தொண்டையைக் கனைத்தார். "சார், எங்க சைடுல ஒரு ரூல் இருக்கு. ஓப்பன் பண்ண பீஸை திரும்ப பாக்ஸ்ல வெக்க முடியாது. இங்கயே ஒரு கன்ஸ்யூமர் சாப்பிட்டு ஃபீட்பேக் கார்டுல சைன் பண்ணணும்."

"வீரபாகு, சாப்டுப்பா" என்றார் கலியாணசுந்தரம்.

"வயிறு ரொம்பிடுச்சு சார்" என்றார் வீரபாகு. அன்று அவர் சொன்னதில் அது மட்டும் சுத்தமான உண்மை. "வெளில ஒரு அம்மா பசியோட உக்காந்துக்கினு இருக்காங்க."

ஷஹர்பானு வந்தாள். சேலையைக் கையில் வாங்கினாள். ஓரத்தைப் புரட்டினாள், முந்தியைத் தடவினாள், அதைத் தன் கூடைக்குள் வைத்து மூடினாள்.

"சாப்டுட்டீங்களா மேடம்?" என்றார் யேசுதாஸ், அட்டையில் கண்ணாக.

"ஆச்சு."

"ருசி எப்படி?"

"கண்ணு நெறைஞ்சுடுச்சு."

"மென்மை?"

"இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

"அளவு போதுமா?"

"ஒரு ஆளுக்குத் தாராளம். மிச்சத்துல ஜாக்கெட்டும் வரும்."

யேசுதாஸ் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "ஃப்ரெண்ட்ஸுக்கு ரெகமண்ட் பண்ணுவீங்களா?"

"நாளைக்கு மண்டபத்துக்கு வர்ற முந்நூறு பேருக்கும் காட்டுவேன். போதுமா தம்பி? கையெழுத்து எங்க போடணும்?"

ஐந்தேகாலுக்கு அவள் படியிறங்கினாள். ஐந்து இருபதுக்கு அவள் குரல் தெருமுனையில், "தப்ரேஸ்! ஷட்டரை இழுக்காத!" என்று கேட்டது.

வீரபாகு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"எங்க போற?" என்றார் கலியாணசுந்தரம். "எரநூறு முடிஞ்சுது. எரநூத்தியொண்ணு உன் சேலைதான. கொண்டா."

வேறு வழியில்லை. வீரபாகு மடியிலிருந்த துண்டுப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். கலியாணசுந்தரம் பிரித்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தராசில் வைத்தார், அளந்தார், துடைத்தார், எழுதினார். உடல் வெள்ளை. கரை இல்லை. நீளம் ஐந்து அங்குலம். எடை நூற்றுப் பதினாறு. நடுவில் வெட்டு. சாயம் போகிறது.

"இன்னா வீரபாகு, இருவது வருசமா நல்லாத்தான நெய்ஞ்சுக்கினு இருந்த?"

"கண்ணு கொஞ்சம் மங்கிப்போச்சு சார்."

"ஒடம்பப் பாத்துக்கப்பா" என்றார் கலியாணசுந்தரம். அவருடைய இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நெசவாளியிடம் அவர் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. இரண்டாம் தரம் என்று முத்திரை குத்தினார். முத்திரை கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை நிக்கத் அரக்கும் பச்சையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கடை என்று கேட்ட சொந்தக்காரப் பெண்களிடம் ஷஹர்பானு, "கடையில கெடைக்காது, கம்பெனி சரக்கு" என்று சொல்லிவிட்டு வீரபாகுவின் இலையில் இன்னொரு துண்டுக் கறியை வைத்தாள்.

சனிக்கிழமை பேரவையில் சர்க்கரைப் பொங்கல் எங்கே என்று உறுப்பினர்கள் கூச்சல் போட்டார்கள். பூவராகவன் கண்ணாடிச் சட்டம் போட்ட தரச்சான்றிதழைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு சான்ட்விச்சும் ஆறு மீட்டர் இருபது நீளம், எழுநூற்று நாற்பது கிராம் எடை, சுத்த ஜரிகை என்று வாசித்தார். கூச்சல் அடங்கியது. உறைகளைப் பிரித்த பிறகு அது மறுபடியும் எழுந்தது, முன்னைவிடப் பலமாக. மிச்சம் ஆறு மீட்டர் எங்கே என்று கேட்டார்கள். ஜரிகையை யார் எடுத்தது என்று கேட்டார்கள். விசாரிக்க ஒரு குழு அமைக்கப்படும் என்று பூவராகவன் உறுதியளித்தார். குழுவின் தலைவராக அவரே இருக்க ஒப்புக்கொண்டார்.

இருநூற்று ஒன்றாவது உருப்படி விதிப்படி விற்பனைக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டியில், 'இருபது சதவீதத் தள்ளுபடி' என்ற அட்டையோடு வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை வீரபாகுவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'தாங்கள் ஒப்படைத்த சேலையில் வெள்ளரிக்காய் காணப்பட்டதை நிர்வாகம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.'

வீரபாகு அன்று மாலையே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஐயாவுக்குப் பணிவான வணக்கம் போட்டு, ஒரே வரியில் விளக்கம் எழுதினார். அடுத்த சேலையை விதை எடுத்துவிட்டு நெய்வதாக.

விளக்கம் திருப்திகரமாக இருந்ததால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.